கல்லூரி உதவித்தொகைப் படிவம்: பணம் கைக்கு வந்து சேரும்படி நிரப்புவது எப்படி?

ஒரு கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் ஜன்னலுக்கு வெளியே கண் கலங்கி நின்ற பிள்ளைகளில் மார்க் போதாதவர்கள் கொஞ்சம்தான். மார்க் இருக்கும், வீட்டு வருமானமும் வரம்புக்குள் இருக்கும். ஆனால் பெயரில் ஒரு எழுத்து இடிக்கும். அல்லது ஆதாரில் இருப்பது அப்பா எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மின் எண்ணாக இருக்கும். இப்படி ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு பணத்தைக் கோட்டைவிட்டவர்கள்தான் அதிகம்.

அதனால் இந்த வழிகாட்டியில் படிவம் கடைசியில்தான் வரும். முக்கால்வாசி வேலை இணையதளத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் இதைத் தொடங்கினால் நிம்மதி. கல்லூரி திறந்த பிறகு தொடங்கினால் தாலுகா அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் நடுவே அலைச்சல்தான்.

முதலில், பணம் எந்த வங்கிக்குப் போகும் என்று பாருங்கள்

மூன்றாம் ஆண்டு பிஎஸ்சி படித்த ஒரு மாணவி வந்தாள். "சார், ரெண்டு வருஷமா ஒரு ரூபாய்கூட வரலை" என்றாள். இணையதளத்தில் தேடினால் இரண்டு ஆண்டும் பணம் அனுப்பியாயிற்று என்று காட்டுகிறது. படிவத்தில் அவள் எழுதிய கணக்கு எண்ணும் சரி, ஐஎஃப்எஸ்சி எண்ணும் சரி. பாஸ்புக்கைப் புரட்டினால் ஒன்றும் இல்லை. கடைசியில், "எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல ஏதாவது கணக்கு திறந்தாங்களா?" என்று கேட்டேன். திறந்திருந்தார்கள். ஊரில் பீரோவுக்குள் கிடந்த அந்தப் பழைய பாஸ்புக்கை எடுத்துப்போய் வங்கியில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் 24,000 ரூபாய்.

நடந்தது இதுதான். ஆதார் வழியாக அனுப்பும் அரசுப் பணம், படிவத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் ஆதார் எண்ணுக்கு நேராக எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போகும். ஒரு ஆதாருக்கு ஒரு சமயத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கியில் இதற்கு ஒப்புதல் கொடுத்தீர்களோ அதுதான் நிற்கும். கணக்கு திறக்கும்போது ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தோமே என்பார்கள். அது கேஒய்சி, நீங்கள் யார் என்று வங்கி உறுதிசெய்துகொள்வது. இது ஆதார் சீடிங், அந்தப் பட்டியலில் உங்கள் வங்கியை ஏற்றுவது. இரண்டும் வேறு வேறு. வங்கி கவுன்ட்டரில் "ஆதார் லிங்க் ஆயிடுச்சா?" என்று கேட்டால் ஆயிடுச்சு என்றுதான் சொல்வார்கள். "டிபிடி பணம் வர என்பிசிஐ சீடிங் ஆகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசு நேரடியாக உங்கள் கணக்கில் போடும் பணம்.

இதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்தால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் வங்கியின் பெயரும், அது செயல்பாட்டில் இருக்கிறதா என்பதும் தெரியும். நீங்கள் இப்போது பயன்படுத்தும் வங்கியே அங்கே இருந்தால் சரி. வேறு பெயர் வந்தால், உங்களுக்கு வேண்டிய வங்கிக்குப் போய் சீடிங் படிவம் எழுதிக் கொடுங்கள். முன்பு எந்த வங்கியில் இருந்தது என்பதையும் அதில் குறிக்க வேண்டும். சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். மாறிவிட்டதை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், அம்மா அப்பா பெயரில் அல்ல. முழு கேஒய்சி இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் அதில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. பெரிய தொகை எதிர்பார்ப்பவர்கள் அதை முதலிலேயே சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிஷியல் என்னும் தலைவலி

நமக்கென்று இருக்கும் தனிச் சிக்கல் இது. கணினியில் இருக்கும் பெயர்க் கட்டங்கள் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களுக்காகச் செய்தவை. நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்து. கார்த்திகா என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் சான்றிதழில் 'கார்த்திகா எஸ்'. ஆதாரில் இனிஷியலை விரித்து 'கார்த்திகா சுப்பிரமணி'. பாஸ்புக்கில் 'எஸ். கார்த்திகா'. இது போதாதென்று ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'கே' போட்டும் இன்னோரிடத்தில் 'ஜி' போட்டும் எழுதியிருப்பார்கள். சுதா, கீதா, சரவணன், ஜோதி என்று யாரை எடுத்தாலும் இரண்டு மூன்று ஸ்பெல்லிங் தேறும். நமக்கு எல்லாம் ஒரே கார்த்திகாதான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

எதை எதற்கு ஏற்றாற்போல் மாற்றுவது? பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். வேலைக்குப் போகும்வரை கூடவே வரப்போவதும் அதுதான். ஆதாரையும் பாஸ்புக்கையும் அதன்படி மாற்றுங்கள். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். அவசரத்தில் கை வைத்து, தப்பை இன்னொரு தப்பாக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் மையத்தில் ரசீது கொடுப்பதற்கு முன், திரையில் இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். ஆபரேட்டர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

இனிஷியல் முன்னால், பின்னால் என்ற அளவில் மட்டும் வித்தியாசம் இருந்தால் பல சமயம் கல்லூரி அளவிலேயே சரிபார்த்து விட்டுவிடுவார்கள். ஸ்பெல்லிங்கே மாறினாலோ, ஒன்றில் இனிஷியலும் மற்றொன்றில் முழுப் பெயரும் இருந்தாலோதான் சிக்கல். பிறந்த தேதி மாறியிருந்தால் சமாதானமே கிடையாது, திருத்தியே ஆக வேண்டும்.

ஆதாரைத் திருத்தப் போகும்போது இன்னும் இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, செல்போன் எண். எல்லா ஓடிபியும் அதற்குத்தான் வரும். இரண்டாவது, கைரேகையும் படமும். 15 வயதில் இவற்றைப் புதுப்பிப்பது கட்டாயம்; பலர் செய்வதில்லை. தேசிய உதவித்தொகைத் தளமான என்எஸ்பி இப்போது முகத்தைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்கிறது. ஆதாரில் ஐந்தாம் வகுப்புப் படம் இருந்தால், 18 வயதுக்காரர் செல்போன் முன்னால் எத்தனை முறை கண் சிமிட்டினாலும் ஏற்காது.

சான்றிதழ்கள்: தேதியும் தொகையும்

தமிழ்நாட்டில் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். வருமானத்துக்கு ஆர்இவி-103, முதல் பட்டதாரிக்கு ஆர்இவி-104 என்று மையத்தில் சொன்னால் உடனே புரியும். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று மேசை மேசையாக ஏறித் தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகும். ரிசல்ட் வந்த வாரத்தில் மாவட்டமே வரிசையில் நிற்கும் என்பதால் முன்கூட்டியே போடுவது நல்லது.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்குப் பதிவேற்றியவர்களும், காப்பீட்டு அட்டைக்கு என்றைக்கோ வாங்கியதைக் கொண்டுவந்தவர்களும் ஏராளம். ஒரு காலத்தில் நம் ஊரில் யார் வருமானச் சான்றிதழைப் பார்த்தாலும் 72,000 ரூபாய் என்றே இருக்கும், காப்பீட்டுத் திட்டத்தின் அன்றைய வரம்பு அது என்பதால். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அப்பா மாதச் சம்பளக்காரராக இருந்து, வங்கிக் கடனுக்குக் கொடுத்த சம்பளச் சீட்டில் ஒரு தொகையும் இங்கே வேறொரு தொகையும் இருந்தால், என்றாவது ஒருநாள் பதில் சொல்ல வேண்டி வரும். அம்மாவுக்கு வருமானம் இருந்தால் அதையும் சேர்த்ததுதான் குடும்ப வருமானம்.

படிவத்தில் எழுதும் தொகை சான்றிதழில் இருப்பதே. சான்றிதழில் 96,000 என்றால் 96,000தான், ஒரு லட்சம் என்று முழுமையாக்கக் கூடாது. மாத வருமானத்தை ஆண்டு வருமானக் கட்டத்தில் போட்டு 8,000 என்று எழுதியதும் உண்டு. தளம் அதையும் ஏற்றுக்கொள்ளும். சரிபார்ப்பவர்தான் திருப்பி அனுப்புவார்.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தருவது முதல் பட்டதாரி சான்றிதழ். அதில் அதிகம் பேர் தடுக்குவது இரண்டு இடங்களில். அக்கா அந்தச் சலுகையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்கு மறுபடி கிடைக்காது. அடுத்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கட்டணச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டுச் சான்றிதழோடு வந்தால் கல்லூரியால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்தத் திட்டம் உங்களுக்கு?

எல்லாத் திட்டத்துக்கும் போட்டுவைப்போம், ஏதாவது ஒன்று விழட்டும் என்பது தவறான கணக்கு. ஒன்றிய அரசுத் திட்டங்கள் பலவற்றில், வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடையாது என்ற நிபந்தனை உண்டு. எனவே எதில் தொகை அதிகம், எதில் தகுதி உறுதி என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம் பிள்ளைகள் அதிகம் போடும் சில திட்டங்கள் இவை. வரம்புகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கு ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகை இருக்கிறது. இளநிலைப் பட்டத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலைக்கு 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொலைதூரக் கல்விக்கும் டிப்ளமோவுக்கும் கிடையாது. தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கு, தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ நடத்தும் பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் 'நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்' என்று விட்டுவிடுவது இதைத்தான். முதலாம் ஆண்டிலோ, நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி என்றால் அந்த ஆண்டிலோ போட வேண்டும். தவறவிட்டால் மூன்றாம் ஆண்டில் நினைவு வந்து பயனில்லை.

எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய) உதவித்தொகை வேறு வழி. தமிழ்நாட்டில் இதற்கு மாநில அரசின் தளம். கல்லூரி வழியாகக் கிடைக்கும் யுமிஸ் என்னும் மாணவர் எண் இல்லாமல் நகராது. பள்ளியில் இருந்த எமிஸ் எண்ணை இங்கே போட்டுவிட்டு 'எரர் வருது' என்று வருவார்கள். எமிஸ் பள்ளிக்கு, யுமிஸ் கல்லூரிக்கு. வருமான வரம்பு 2.5 லட்சம். எஸ்சி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் அடக்கம். வந்த பணத்தில் வண்டி வாங்கிவிட்டு ஹால் டிக்கெட்டுக்குத் தடுமாறியவர்கள் உண்டு.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது சேர்த்தி. புதுமைப் பெண் வாங்குவதால் வேறு உதவித்தொகைக்குத் தடையில்லை, பயந்துகொண்டு விட்டுவிடாதீர்கள்.

இப்போது படிவம்

ஒன்றிய அரசுத் திட்டங்களுக்கு என்எஸ்பியில் முதலில் ஓடிஆர் என்னும் ஒருமுறைப் பதிவு. 14 இலக்க எண் கிடைக்கும். படிப்புக் காலம் முழுக்க அதே எண்தான். மறந்துவிட்டது என்று புதிதாக ஒன்று எடுக்கப் பார்க்காதீர்கள், ஒருவருக்கு ஒன்றுதான். பழைய எண்ணை மீட்க அங்கேயே வழி இருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் போய்ப் போடுவதில் தப்பில்லை. ஆனால் உங்களிடம் போன் இல்லை என்று அந்த அண்ணன் தன் எண்ணையே போட்டுவிடுவார். அடுத்த ஆண்டு ஓடிபிக்காக அவரைத் தேடிப் போனால் கடையே இருக்காது. எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். கிளம்பும்போது அந்தக் கணினியில் இறங்கியிருக்கும் உங்கள் ஆதார் நகலை அழிக்கச் சொல்லுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். ஒரே பெயரில் நாலைந்து கல்லூரிகள் இருக்கும். ஒரே வளாகத்தில் கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் மூன்றும் ஒரே பெயரில் இருக்கும். ஒருமுறை எங்கள் மாணவர்கள் ஒன்பது பேர் பக்கத்து மாவட்டக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர்கள் விண்ணப்பம் என் திரைக்கு வரவே இல்லை, அங்கிருந்தவரோ இந்தப் பெயரில் மாணவரே இல்லை என்று தள்ளிவிட்டார். உங்கள் கல்லூரிக்கென்று இருக்கும் தனி எண்ணான ஆயிஷே எண்ணை அலுவலகத்தில் கேட்டு வாங்கி அதை வைத்துத் தேடுங்கள். படிப்பின் பெயரையும் அப்படியே. பிஇயும் பிடெக்கும் ஒன்றல்ல. பிகாம் வேறு, பிகாம் சிஏ வேறு.

கட்டணக் கட்டங்களில் ரசீதில் இருக்கும் ஆண்டுத் தொகையைப் போடுங்கள், செமஸ்டர் தொகையை அல்ல. ரசீதில் இல்லாத எதையும் சேர்க்காதீர்கள். விடுதியில் தங்கினால்தான் ஹாஸ்டலர். வெளியே அறை எடுத்துத் தங்குபவர் டே ஸ்காலர். அதிகம் வரும் என்று ஹாஸ்டலர் போட்டால் வார்டன் கையெழுத்துக்கு எங்கே போவது?

ஆவணங்களைச் சாய்வாகப் போன் படம் பிடிக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். சான்றிதழ் எண்ணும் தேதியும் படிக்கும்படி இருந்தால் போதும். எல்லாம் முடிந்ததும் 'சேவ்' அழுத்தியதோடு எழுந்துவிடாதீர்கள். 'ஃபைனல் சப்மிட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை அழுத்தாத விண்ணப்பம் வரைவாகவே கிடந்து கடைசித் தேதியோடு செத்துப்போகும். அழுத்துவதற்கு முன் முழுப் படிவத்தையும் வீட்டில் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் அசல் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கால் மணி நேரம்தான் ஆகும்.

சமர்ப்பித்ததும் கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள்

சமர்ப்பித்தால் வேலை முடிந்தது என்று நினைத்து விடுபவர்கள் ஏராளம். உங்கள் விண்ணப்பத்தை முதலில் கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான நோடல் ஆஃபீசர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அதற்கென்று தனிக் கடைசித் தேதி உண்டு. அவர் ஒருவர், விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில். அவருக்குப் பாடம் நடத்தும் வேலையும் இருக்கும். அச்செடுத்த படிவத்தையும் சான்றிதழ் நகல்களையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துத் தளத்தில் நிலை மாறியதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் மரியாதையாக மறுபடி போய் நில்லுங்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவனாகச் சொல்கிறேன், இரண்டு முறை வந்து நின்ற பிள்ளையின் கட்டு மேலே வந்துவிடும். அது நியாயமில்லை, ஆனால் அப்படித்தான் நடக்கும்.

நிலையில் 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் பதற வேண்டாம். ஏதோ ஒன்றைத் திருத்தச் சொல்லித் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். காரணமும் போட்டிருக்கும். குறித்த நாளுக்குள் திருத்தி மறுபடி சமர்ப்பித்து, கல்லூரியிலும் சொல்லிவிடுங்கள். 'ரிஜெக்டட்' என்றால் அந்த ஆண்டு அவ்வளவுதான். தேர்வு, தீபாவளி என்று இரண்டு மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்து, டிஃபெக்டிவ் ஆனதே தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர்.

இந்தச் சமயத்தில்தான் அந்த போன்களும் வரும். "ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல இருந்து பேசுறோம், உங்களுக்கு 28,000 வந்திருக்கு, வாட்ஸ்அப்ல அனுப்புற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். பணம் வருவதற்கு எதையும் ஸ்கேன் செய்யவோ ஓடிபி சொல்லவோ தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

கல்விக்கடன் வாங்குகிறவர்களுக்கு

கடன் படிவம் தனிக் கதை, இங்கே ஒன்று மட்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் ஒன்றிய அரசு வட்டி மானியம் தருகிறது. கடன் கிடைத்த மகிழ்ச்சியில் வருமானச் சான்றிதழ் கொடுத்து அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மேலாளரே நினைவுபடுத்துவார் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த ஆண்டு

ஒருமுறை கிடைத்தால் படிப்பு முடியும்வரை தானாக வரும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் 'ரினீவல்' போட வேண்டும். 'ஃப்ரெஷ்' என்று புதிதாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் மேலே முதலில் சொன்ன ஒன்றியக் கல்வி அமைச்சக உதவித்தொகைக்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை. வருகையில் கோட்டைவிட்டு ஒரு வருடப் பணத்தை இழந்த நல்ல மாணவர்கள் இருக்கிறார்கள்.

பணம் அனுப்பியாயிற்று என்று காட்டியும் வரவில்லை என்றால், அரசு அனுப்பும் பணத்தைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் என்எஸ்பி பணத்தைத் தேடும் பக்கத்தில் எந்த வங்கிக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். பிறகு பீரோவில் பழைய பாஸ்புக்கைத் தேடுங்கள். ரீசார்ஜ் ஆஃபருக்காகச் செல்போன் எண்ணை மாற்றுவதாக இருந்தால், பழைய சிம் செத்துப்போவதற்கு முன் ஆதாரிலும் வங்கியிலும் புது எண்ணை ஏற்றிவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.